ஃபயர் ரோட்டில் சைக்கிள் பயணம்: முதல் இரண்டு ராத்திரிக்குத் திட்டம் போடுவது எப்படி

தெற்குக் கலிஃபோர்னியாவில் இருக்கும் நம் ஆட்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சனிக்கிழமை காலையில் கடற்கரையோரம் எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டிஃபன் சாப்பிடுகிறவர்கள்கூட, டென்ட்டைக் கட்டிக்கொண்டு மலைக்குள் இரண்டு ராத்திரி தங்கி வரலாம் என்றால் பின்வாங்குகிறார்கள். காலில் பலம் போதாது என்பார்கள். பலம் போதும். தார்ச்சாலைக் கணக்கை மலைக்குக் கொண்டுபோவதில்தான் சிக்கல் வருகிறது. மலைக்குள் இருக்கும் ஃபயர் ரோடுகள் எதற்காகப் போடப்பட்டவை என்று ஒருமுறை புரிந்துகொண்டால், எவ்வளவு தண்ணீர், எத்தனை கிலோமீட்டர், எங்கே தூக்கம் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாக வரும்.

சாலை எதற்காக இருக்கிறது

ஃபயர் ரோடு என்பது தீயணைப்பு வண்டி போவதற்காகக் காட்டுக்குள் வெட்டிய மண்சாலை. இந்த மலைகளில் இருப்பவற்றில் பல, 1933-க்கும் 1942-க்கும் இடையில் சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அரசு வேலைத்திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் வெட்டியவை. தண்ணீர் நிரப்பிய லாரி ஏற வேண்டும் என்பதால் ஏற்றம் பெரும்பாலும் மிதமாக இருக்கும். ஒற்றையடிப் பாதை மாதிரி திடீரென்று செங்குத்தாகத் தூக்காது. புதியவர்களுக்கு இவை ஏற்றவை என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. காட்டுத்தீயை மறித்து நிறுத்த வசதியான இடம் மலை முகடு. அதனால் சாலையும் பல இடங்களில் முகட்டோடு ஓடும். முகட்டில் நிழல் குறைவு, ஓடை கிடையாது, காற்றுக்கு மறைப்பு கிடையாது. ஊரையும் ஊரையும் இணைக்கப் போட்ட சாலை இல்லையாதலால் வழியில் கடை இருக்காது, போன் சிக்னலும் பல மணி நேரம் இருக்காது. குறுக்கே கேட் இருக்கும். தீ வந்தால் முதலில் மூடப்படுவதும் இந்தச் சாலைதான்.

முதல் பயணத்துக்கு ஏன் பிக் பேர்

சான் பெர்னார்டினோ தேசிய வனத்தில் பிக் பேர் ஏரியைச் சுற்றி இருக்கும் மலைகளைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். ஏரி கிட்டத்தட்ட 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள சாலைகள் 2,200, 2,400 மீட்டர் வரை போகும். ஊட்டி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஊட்டியின் ஈரம் இல்லாத, உதடு வெடிக்கும் வறண்ட காற்று. நடுவில் ஊர் இருப்பதுதான் பெரிய வசதி. மளிகைக் கடை, சைக்கிள் கடை, மருத்துவமனை எல்லாம் உண்டு. எந்தச் சாலையில் ஏறினாலும், ஏதாவது கோளாறு என்றால் சில மணி நேரத்தில் இறங்கி ஊருக்குள் வந்துவிடலாம். சான் கேப்ரியல் மலைகளும் அழகுதான், லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கமும்கூட. ஆனால் 2009-இன் ஸ்டேஷன் தீ, 2020-இன் பாப்கேட் தீ, 2024-இன் பிரிட்ஜ் தீ, 2025 ஜனவரியின் ஈட்டன் தீ என்று அடுத்தடுத்து எரிந்த மலைகள் அவை. எந்தச் சாலை எப்போது திறந்திருக்கும் என்பதைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்குத்தான் சரிப்படும்.

வரைபடத்தைத் திறந்ததும் 2N10, 3N16, 3N14 என்று எண்கள் தெரியும். அவை கண்டபடி வைத்தவை இல்லை. 1852-இல் சான் பெர்னார்டினோ சிகரத்தில் ஒரு நில அளவைப் புள்ளி குறித்தார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவின் நில அளவை முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் புள்ளியிலிருந்து வடக்கே ஆறு ஆறு மைலாகப் பிரித்த பட்டைகளில் இரண்டாவது 2N, மூன்றாவது 3N. ஏரியும் ஊரும் 2N பட்டைக்குள் வருகின்றன. 3N என்று தொடங்கும் சாலையில் நிற்கிறீர்கள் என்றால் ஏரி உங்களுக்குத் தெற்கே இருக்கிறது என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். போன் செத்துப்போன நேரத்தில் சாலையோரம் நடப்பட்ட பழுப்பு நிறக் கம்பத்தில் இருக்கும் அந்த எண் ரொம்பப் பெரிய உதவி.

படி 1: திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

வழியை வரைவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. பலர் அழகான வழி ஒன்றை வரைந்து, லீவு போட்டு, கடைசியில்தான் மூடல் உத்தரவைப் பார்க்கிறார்கள்.

தேசிய வனத்தின் இணையதளத்தில் மூடல் உத்தரவுகள் தனிப் பட்டியலாக, வரைபடத்துடன் இருக்கும். தீ எரிந்த பகுதி இரண்டு மூன்று வருடம்கூட மூடியிருக்கலாம். 2024 செப்டம்பரில் தொடங்கிய லைன் தீ, பிக் பேர் ஏரிக்கு மேற்கே இருக்கும் மலைகளை எரித்தது. ஏரியை ஒட்டிய குடியிருப்புகள் சிலவற்றையே காலிசெய்யச் சொன்னார்கள். எரிந்த இடத்தில் மரம் தானாகச் சாயும். ஒரு மணி நேர மழைக்கே மண்ணும் பாறையும் சரிந்து சாலையை மூடும். மூடிய பகுதிக்குள் நுழைந்தால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று உத்தரவிலேயே அச்சிட்டிருப்பார்கள். அபராதத்தை விடுங்கள், அந்த மலையின் மண் இறுகவும் செடி துளிர்க்கவும் விட வேண்டும். நம் டயர் அங்கே படக் கூடாது.

கேட் மூடியிருப்பது வேறு, சாலை மூடியிருப்பது வேறு. கேட் பெரும்பாலும் மோட்டார் வண்டிகளைத் தடுக்கத்தான். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை முழுக்கப் படியுங்கள். சைக்கிளுக்குத் தடை என்றோ, பகுதியே மூடல் என்றோ எழுதாமல் இருந்தால் சைக்கிளைக் கேட்டைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போகலாம். ஐயம் இருந்தால் ஏரியின் வடகரையில் இருக்கும் ரேஞ்சர் நிலையத்துக்குப் போன் செய்து சாலை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அங்கே இருப்பவர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

சைக்கிளுக்கு எப்போதுமே தடை உள்ள இடங்கள் இரண்டு. 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி வில்டர்னஸ் என்று அறிவித்த பகுதிகளில் சக்கரமே கூடாது. பிக் பேருக்குத் தெற்கே இருக்கும் சான் கோர்கோனியோ வில்டர்னஸ் அதில் ஒன்று. அடுத்தது பசிபிக் கிரெஸ்ட் டிரெயில். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் அந்த நடைபாதை, ஏரிக்கு வடக்கே நம் சாலைகளைப் பல இடத்தில் வெட்டிக்கொண்டு போகும். குறுக்கே கடக்கலாம், அதில் ஓட்டக் கூடாது. சில வழிகாட்டும் ஆப்கள் தூரம் குறைகிறது என்று சொல்லி அதில் திருப்பிவிடும். வீட்டிலேயே வழியைப் பெரிதாக்கிப் பார்த்து அந்த இடங்களைச் சரிசெய்துவிடுங்கள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் இருக்கும் தீத்தடுப்புக் கோடுகள் பொதுவழி கிடையாது. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் காட்டுத்தீயில் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இந்தக் கட்டுரையைப் பார்த்து அங்கே சைக்கிளை இறக்கிவிடாதீர்கள். வனத்துறை திறந்துவிட்டிருக்கும் பாதைகள் எவை, அதில் சைக்கிளுக்கு இடம் உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

காலம்: மே நடுவிலிருந்து ஜூன் வரை, பிறகு செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரை. குளிர்காலத்தில் பனி, பல கேட்கள் பூட்டிவிடும். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி மழை திரண்டு வரும். முகட்டில் மின்னலுக்கு நடுவே நிற்க யாருக்கும் ஆசை இருக்காது. இலையுதிர் காலத்தில் பாலைவனத்திலிருந்து சாண்டா அனா காற்று அடிக்கும். தீ வேகமாகப் பரவக்கூடிய நாள் என்று வானிலை மையம் ரெட் ஃபிளாக் எச்சரிக்கை விட்டால், எல்லாம் கட்டி முடித்திருந்தாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள். இதில் விட்டுக்கொடுப்பதற்கே இடமில்லை.

படி 2: நாளை மணிக்கணக்கில் அளங்கள்

தார்ச்சாலையில் கிலோமீட்டரை வைத்து நாளை அளப்போம். மூட்டை கட்டிய சைக்கிளில், மண்சாலையில், அந்த அளவு உதவாது. ஏறும் உயரத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நான் பயன்படுத்தும் கணக்கு இது: சமதளத் தூரத்துக்கு மணிக்கு 12 கிலோமீட்டர், அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 350 மீட்டருக்கும் ஒரு மணி நேரம்.

40 கிலோமீட்டரும் 1,200 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு நாள் என்றால், தூரத்துக்கு மூன்று மணி இருபது நிமிடம், ஏற்றத்துக்கு ஏறக்குறைய மூன்றரை மணி. சேர்த்தால் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது சக்கரம் சுழலும் நேரம் மட்டும். சாப்பாடு, தண்ணீர் வடிகட்டுவது, போட்டோ, கழன்ற ஸ்ட்ராப்பை இறுக்குவது என்று மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. அக்டோபர் நடுவில் பகல் வெளிச்சம் பதினோரு மணி நேரம் சொச்சம்தான். காலை டென்ட் மடிக்க ஒரு மணி நேரம், மாலை விரிக்க ஒரு மணி நேரம் போனால் கையில் மிச்சமே இல்லை. எனவே முதல் பயணத்தில் ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். குறைவாகத் தெரியும். முதல் நாள் மூன்று மணிக்கே முகாமுக்கு வந்து சேர்ந்து, வெளிச்சத்தில் இடம் பார்த்து டென்ட் போட்டவர்கள்தான் இரண்டாவது பயணத்துக்கும் வருகிறார்கள்.

வழி வரைய ரைட் வித் ஜிபிஎஸ், கையா ஜிபிஎஸ் இரண்டில் எது இருந்தாலும் போதும். வரைபடத்தைப் போனில் இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். வனத்துறை வெளியிடும் மோட்டார் வண்டிச் சாலை வரைபடமும் இலவசம். அவென்சா ஆப்பில் இறக்கலாம். எந்தச் சாலையில் ஜீப்புகள் வரும் என்று அது சொல்லும். வார இறுதியில் 3N16-இல் ஜீப் கூட்டம் அதிகம், எழும் தூசி அடங்க நேரமாகும். முடிந்தால் ஞாயிறு கிளம்பி செவ்வாய் திரும்புங்கள்.

படி 3: தண்ணீர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். முகட்டுச் சாலையில் தண்ணீர் இருக்காது என்பதால் திட்டம் முழுவதும் தண்ணீரைச் சுற்றித்தான் நிற்கிறது.

ஓட்டும்போது மணிக்கு அரை லிட்டர், வெயில் கடுமையாக இருந்தால் ஒரு லிட்டர். தண்ணீர் இல்லாத முகாமில் ராத்திரிச் சமையல், குடிக்க, காலைக் காப்பி, பல் துலக்க என்று இரண்டு லிட்டர். மறுநாள் முதல் தண்ணீர் கிடைக்கும் இடம் இரண்டு மணி நேரத் தொலைவில் என்றால் அதற்கும் ஒன்றோ இரண்டோ லிட்டர். ஆக, கடைசியாகத் தண்ணீர் பிடித்த இடத்திலிருந்து நாலு முதல் ஆறு லிட்டர் சுமக்க வேண்டிவரும். லிட்டருக்கு ஒரு கிலோ. உங்கள் டென்ட், ஸ்லீப்பிங் பேக், மாற்றுத்துணி எல்லாவற்றையும் சேர்த்த எடைக்கு இது கிட்டத்தட்டச் சமம். முழு நாளும் அதைச் சுமக்காதீர்கள். வழியில் கடைசியாகத் தண்ணீர் கிடைக்கும் இடத்தை வரைபடத்தில் நீலத்தில் குறித்து, காலிப் பைகளோடு அங்கே போய், அங்கே நிரப்புங்கள். முகாம் அந்த இடத்துக்கு அப்பால் எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது.

வரைபடத்தில் நீலக்கோடு இருந்தால் ஓடையில் தண்ணீர் இருக்கும் என்று அர்த்தமில்லை. வடபக்கம் இருக்கும் ஹால்கம் ஓடை மே மாதத்தில் சலசலக்கும்; செப்டம்பரில் பல இடத்தில் வெறும் மணலாகக் கிடக்கும். ஹால்கம் வேலி கேம்ப்கிரவுண்டில் கழிப்பறை உண்டு, குழாய் கிடையாது. மற்ற கேம்ப்கிரவுண்டுகளில் குழாய் உண்டு என்று எழுதியிருந்தாலும், இந்த வாரம் தண்ணீர் வருகிறதா என்று ரேஞ்சர் நிலையத்தில் கேட்ட பிறகே நம்புங்கள்.

ஓடைத் தண்ணீரை எப்போதும் வடிகட்ட வேண்டும். சாயர் மாதிரியான சின்ன ஃபில்டர் போதும். பாக்டீரியாவையும், வயிற்றைக் கெடுக்கும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியையும் நிறுத்திவிடும். அது நிறுத்தாத ஒன்று உண்டு. ஹால்கம் பள்ளத்தாக்கு 1860-இல் தங்கம் கண்டுபிடித்துச் சுரங்கம் தோண்டிய இடம். பழைய குழிகளும் மண்மேடுகளும் இன்னும் இருக்கின்றன. சுரங்கக் கழிவில் கலந்திருக்கக்கூடிய உலோகங்களை இந்த ஃபில்டர் எடுக்காது. ஆகவே குழிகளுக்குக் கீழே தேங்கும் தண்ணீரைத் தொடாதீர்கள்.

அதே ஃபில்டரைப் பற்றி இன்னொன்று. அதற்குள் இருப்பவை மயிரிழை போன்ற குழல்கள். ஒருமுறை நனைந்த ஃபில்டரில் தண்ணீர் உள்ளே தங்கிவிடும். ராத்திரி உறைந்தால் குழல் வெடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மறுநாளும் தண்ணீர் அதே மாதிரி சொட்டும், வடிகட்டாமலே சொட்டும். அக்டோபர் ராத்திரியில் அங்கே வெப்பம் பூஜ்யத்தைத் தொடும். படுக்கப் போகும்போது ஃபில்டரை உதறி, ஜிப் பையில் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தூங்கும் இடம்

முதல் பயணத்துக்குக் கேம்ப்கிரவுண்டில் முன்பதிவு செய்வதே நல்லது. ரிக்ரியேஷன்.காவ் தளத்தில் தேதி பார்க்கலாம். இதைத் தவிர, சான் பெர்னார்டினோ வனத்தில் மஞ்சள் கம்பம் நட்ட தனி இடங்கள் மலைக்குள் அங்கங்கே உண்டு. யெல்லோ போஸ்ட் சைட் என்பார்கள். குழாய், கழிப்பறை எதுவும் இருக்காது, கூட்டமும் இருக்காது. வெறும் காட்டில் தங்கவும் விதிகள் உண்டு: நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் 200 அடி தள்ளி, நெடுஞ்சாலை, தனியார் நிலம், கேம்ப்கிரவுண்டு இவற்றிலிருந்து கால் மைல் தள்ளி. விதி மாறியிருக்கிறதா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்பு பற்றவைக்க, கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே, கலிஃபோர்னியா கேம்ப்ஃபயர் பர்மிட் வேண்டும். இலவசம், இணையத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் கிடைக்கும், அந்த வருடக் கடைசி வரை செல்லும். தீக் கட்டுப்பாடு கடுமையான மாதங்களில் திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்புக்கு மட்டும் அனுமதி இருக்கும். ஆல்கஹால் அடுப்பு, விறகு எதுவும் கூடாது. நான் விறகுத் தீயே வேண்டாம் என்பேன். முகட்டில் இருக்கிறோம், காற்று எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

கரடி உண்டு. கறுப்புக் கரடிகள், 1933-இல் யோசெமிட்டியிலிருந்து பிடித்துவந்து இங்கே விட்டவற்றின் வழிவந்தவை. மனிதரைத் தேடி வராது, ஊறுகாய் மணத்தைத் தேடி வரும். சாப்பாடு, பற்பசை, சோப்பு எல்லாவற்றையும் கரடியால் திறக்க முடியாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டென்ட்டிலிருந்து முப்பது நாற்பது தப்படி தள்ளி வையுங்கள். அந்த டப்பா ஹேண்டில்பாரில் கட்ட வராது. பின்பக்க ரேக் இருந்தால்தான் வசதி. ரேக் இல்லாதவர்கள் இரும்புப் பெட்டி வைத்திருக்கும் கேம்ப்கிரவுண்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: சைக்கிளும் மூட்டையும்

புது சைக்கிள் வாங்க வேண்டாம். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண மவுன்டன் பைக் போதும், டயர் 2.2 அங்குலம். கிராவல் பைக் வைத்திருப்பவர்கள் 45 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடுங்கள். வாஷ்போர்டு மாதிரி அலையலையாக இருக்கும் மண்ணில் ஒல்லி டயர் மணிக்கட்டை வாங்கிவிடும். கியர் லேசாக இருக்க வேண்டும்: முன்னால் 30 அல்லது 32 பல், பின்னால் 50 வரை. ட்யூப் இல்லாத டயரில், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவத்தைப் புதிதாக ஊற்றிக்கொள்ளுங்கள். காற்று 22 பிஎஸ்ஐ சுற்றி, உங்கள் எடைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து.

மூட்டை கட்டுவதில் ஒரே கொள்கை: கனமானது கீழே, நடுவே. தண்ணீர், கருவிகள், சாப்பாட்டில் கனமானவை, சைக்கிள் சட்டத்தின் நடுவே மாட்டும் ஃப்ரேம் பேக்கில். டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் உருட்டி ஹேண்டில்பாரில். துணிமணி சீட் பேக்கில். அதில் கனம் போட்டால் இறக்கத்தில் வால் ஆட்டும். மிச்சத் தண்ணீர் முன் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும். முதுகில் பை மாட்டாதீர்கள். இரண்டாம் நாள் மதியம் தோளும் உட்காருமிடமும் அதற்குக் கணக்குத் தீர்க்கும்.

கட்டி முடித்ததும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பிரேக் கேபிளை மூட்டை இழுக்கிறதா? முன் ஃபோர்க்கை அழுத்திப் பாருங்கள், மூட்டையின் அடி டயரில் படுகிறதா? ஸ்ட்ராப் உரசும் இடங்களில் ஃப்ரேமுக்கு டேப் ஒட்டுங்கள். தூசியும் ஸ்ட்ராப்பும் சேர்ந்தால் உப்புக்காகிதம் மாதிரி பெயின்ட்டைத் தின்றுவிடும்.

கருவிகளில் விட்டுவிடக் கூடாதவை: டயர் பிளக், ஒரு மாற்று ட்யூப், பம்ப், செயின் உடைக்கும் கருவி, உங்கள் செயினுக்கேற்ற இணைப்பு, பிரேக் பேட் ஒரு ஜோடி, பின்பக்க கியர் மாற்றியை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் டீரெய்லர் ஹேங்கர். கடைசியில் சொன்னது ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. கல் பட்டு வளைந்தால் மலையில் எந்தக் கடையும் கிடைக்காது. முன்பே வாங்கி ஃப்ரேம் பேக்கின் அடியில் போட்டுவிடுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் மைனஸ் ஐந்து டிகிரிக்குத் தாங்குவதாக இருக்கட்டும். அடியில் விரிக்கும் மெத்தையில் கஞ்சத்தனம் வேண்டாம்; குளிர் தரையிலிருந்துதான் ஏறும். கிளம்பும் முன் ஒரு மாலை, எல்லாவற்றையும் கட்டி வீட்டுப் பக்கம் ஒரு ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பாருங்கள். கழல வேண்டியது அங்கேயே கழலட்டும்.

படி 6: சாப்பாடு

கடையில் விற்கும் உறைபதனச் சாப்பாட்டுப் பொட்டலம் விலையும் அதிகம், நம் நாக்குக்கும் ஏறாது. நம்மிடம் கட்டுச்சோறு என்ற வித்தையே இருக்கிறது. முதல் நாளுக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை. அடுத்த நாட்களுக்குக் கெட்டி அவல். தீக் கட்டுப்பாட்டால் அடுப்பே கூடாது என்றாலும் அது கைவிடாது. ஜிப் பையில் அவலைப் போட்டு, முழுகும் அளவு பச்சைத் தண்ணீர் விட்டு, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். வீட்டிலிருந்து சின்ன டப்பாவில் கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் ராத்திரிச் சாப்பாடு ஆயிற்று. வேர்க்கடலை, வெல்லம், பொட்டுக்கடலை மாவு உருண்டை, பேரீச்சை இவை ஓட்டும்போது. மணிக்கு ஒருமுறை பசிக்காவிட்டாலும் சாப்பிடுங்கள். உயரத்தில் பசி தெரியாது, சோர்வுதான் முதலில் தெரியும். உப்புக்கு நார்த்தங்காய் ஊறுகாய். அதை இரட்டைப் பையில் கட்டுங்கள், கரடி விஷயம் நினைவிருக்கட்டும்.

படி 7: இறங்கும் வழியும் தகவலும்

வரைந்த வழியில் ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் ஒரு இறங்கும் வழியைக் குறித்துவையுங்கள். வடபக்கம் என்றால் வான் டியூசன் கேன்யன் சாலை 3N09, போலிக் கேன்யன் சாலை 2N09, ஏரியின் வடகரையில் இருக்கும் ஃபான்ஸ்கின் என்ற சிற்றூருக்கு இறங்கும் 3N14. இந்த மூன்றில் எதில் இறங்கினாலும் ஏரிக்கரைக்கோ ஊருக்கோ வந்துவிடுவீர்கள். சைக்கிள் முற்றிலும் படுத்துவிட்டாலும் தள்ளிக்கொண்டு இறங்கக்கூடிய தூரம்தான்.

வீட்டில் ஒருவரிடம் மூன்று விஷயங்களை எழுதிக் கொடுங்கள்: வழியின் வரைபடம், ஒவ்வொரு ராத்திரியும் தங்கும் இடம், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்ற நேரம். கலிஃபோர்னியாவில் தேடி மீட்கும் பொறுப்பு கவுன்ட்டி ஷெரிஃபுடையது. அந்த எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள். கார்மின் இன்ரீச் மாதிரியான சாட்டிலைட் கருவி இருந்தால் நல்லது. ஐபோன் 14-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் சாட்டிலைட் வழியாக அவசர உதவி கேட்க முடியும், ஆனால் பேட்டரி வேண்டுமே! போனை ஏர்ப்ளேன் மோடில் வைத்து, பவர் பேங்க்கையும் குளிர் படாமல் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள்.

கிளம்பும் முன்பு வாட்ச் டியூட்டி ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். எங்கே தீ பிடித்திருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும். சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஒருமுறை பாருங்கள். மலைக்குள் புகை மணத்தால், எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்துகொண்டு நிற்காமல் பக்கத்து இறங்கும் வழியில் இறங்கிவிடுங்கள். எதிரே தீயணைப்பு வண்டி வரும்; ஓரமாக ஏறி நின்று வழி விடுங்கள், அது அவர்களுடைய சாலை.

ஒரு மாதிரித் திட்டம்

முதல் நாள், பிக் பேர் சிட்டியில் எல்லாப் பைகளிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு வான் டியூசன் கேன்யனில் ஏறுங்கள். நாலு மைல், 200 மீட்டர் சொச்சம் ஏற்றம். ஹால்கம் வேலி கேம்ப்கிரவுண்டில் முகாம். குழாய் இல்லாத இடம் என்பதால்தான் ஏற்றம் குறைந்த இந்த நாளில் முழுச் சுமை. மாலையில் சைக்கிளில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு பெல்வில் என்ற ஊர் இருந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். தங்கம் தேடி ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குடியேறிய ஊர்; இன்று ஒரு மரக்கட்டைக் குடிசையும் புல்வெளியும் மிச்சம்.

இரண்டாம் நாள், 3N16-இல் மேற்கே பிக் பைன் ஃப்ளாட் வரை. தூரம் 16, 17 கிலோமீட்டர்தான், ஆனால் கல்லும் மணலும் மாறி மாறி வரும். ஜீப் வரும் சத்தம் கேட்டால் வளைவின் உள்பக்கம் நிற்காதீர்கள். காலையில் சீக்கிரம் கிளம்பினால் தூசிக்கு முன்னால் போய்விடலாம். அங்கே குழாயில் தண்ணீர் வருகிறது என்று உறுதியானால் தங்குங்கள். இல்லையென்றால் 3N14-இல் ஏழு மைல் இறங்கி ஃபான்ஸ்கின் போய், தண்ணீரும் கழிப்பறையும் உள்ள ஏரிக்கரைக் கேம்ப்கிரவுண்டில் இரண்டாம் ராத்திரியைக் கழியுங்கள். அதற்கும் முன்பதிவு தேவை.

மூன்றாம் நாள், ஏரியின் வடகரை. பிக் பைன் ஃப்ளாட்டில் தங்கியவர்கள் முதலில் 3N14-இல் ஃபான்ஸ்கினுக்கு இறங்குங்கள். அந்த வளைகுடாப் பக்கம் வழுக்கைத் தலைக் கழுகுகள் கூடு கட்டும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அந்தக் கூட்டைச் சுற்றி ஆள் நுழையாதபடி வனத்துறை மூடிவைக்கும்; அந்த அறிவிப்பையும் மதியுங்கள். கரையோரச் சைக்கிள் பாதையில் ஓட்டி ஊருக்கு வந்தால் முழுச் சுற்றும் ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் முடியும்.

காலில் இன்னும் தெம்பு இருந்தால், மூட்டையைக் காரில் வைத்துவிட்டு நிக்கர்பாக்கர் சாலை 2N08-இல் ஏறி 2N10 முகட்டைத் தொட்டுவிட்டு வாருங்கள். தெற்கே 3,506 மீட்டர் சான் கோர்கோனியோ நேரெதிரே நிற்கும். மேலே தண்ணீர் கிடையாது. இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.